பின் சக்கரத்துப் பட்டிழை

அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டும், தாங்கியபடியே தம் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டும் வீற்றிருக்கின்ற சின்ன காஞ்சிபுரத்துச் செம்மல், எங்கள் மலைமிதிவண்டிக் கழகத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய கோதண்டபாணி அவர்களே! மேடையைத் தாங்கும் தூண்களாம் கழகத்தின் நிர்வாகிகளே! தூண்களுக்குப் பின்னே துயில்கொள்ளும் பெரியோர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்தீர்கள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா என்று நான் ஐயுறுகின்ற அன்புத் தாய்மார்களே! பாலாற்றுக்கு அப்பாலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் உழவர் பெருங்குடி மக்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டிய முன்வரிசை இளைஞர்களே! உங்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், வணக்கம்.

நான் யார்? பிள்ளையார்பாளையத்துக் காசிநாதன். முப்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவன். பத்து ஆண்டுகள் பிறர் நெய்த சேலையில் குறை தேடியவன். குறை தேடினேன், குறை கண்டேன், குறை காணாத நாளில் என் கண்ணில்தான் குறையோ என்று கண் வைத்தியரிடம் போனேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து, "இவனை விடச் சந்தேகப்பிராணி எவன் இருக்கிறான்?" என்று கேட்டு, இந்தக் கழகத்துக்குச் செயலாளராக்கி விட்டார்கள். இன்று இரண்டாம் ஆண்டுப் போட்டியின் தொடக்க விழா. என்னை ஆண்டறிக்கை வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கிறேன். ஆனால் அச்சடித்துக் கொடுத்த அறிக்கை என் பையிலேயே இருக்கும். என் நெஞ்சில் இருப்பதை வாசிக்கிறேன்.

தலைவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். நான் பார்க்காத பார்வையா?

முதலில், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகப் போட்டியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு, எழுபதாம் ஆண்டு மாசி மாதம் தொடங்கினோம். சைக்கிள் ஓட்டம். ஊரைச் சுற்றும் ஓட்டமா? இல்லை. மைதானத்தில் மூன்று நாள் வட்டமடிக்கும் வேடிக்கையா? இல்லவே இல்லை. இதே மைதானத்தில் புறப்பட வேண்டும். செவிலிமேடு தாண்டிப் பாலாற்றைக் கடக்க வேண்டும். செய்யாறு, ஆரணி, போளூர் என்று போய், கல்லும் கரடுமாகக் கிடக்கின்ற ஜவ்வாது மலையில் ஏற வேண்டும். ஏறி, மலைமேல் எங்கள் ஆள் வைத்திருக்கும் முத்திரையைக் குத்திக்கொண்டு, மறுபடி இங்கே வர வேண்டும். போக எண்பத்தைந்து மைல், வர எண்பத்தைந்து மைல், மூன்று பகல் கெடு.

அதுவும் எப்படி? துணையில்லாமல்! டயர் வெடித்தால் தானே ஒட்ட வேண்டும். தாகம் எடுத்தால் தானே இறைத்துக் குடிக்க வேண்டும். ஏற்றத்தில் ஒருவர் பின்னால் கை கொடுத்துத் தள்ளினால் போச்சு. லாரியின் வாலைப் பிடித்தால் போச்சு. பாவம் என்று பார்த்து யாராவது காற்றடித்துக் கொடுத்தாலும் போச்சு. மொத்தம் ஒன்பது விதிகள். அந்த ஒன்பதையும் எழுதியவன் உங்கள் முன் நிற்கின்ற நான்.

விதி எழுதிவிட்டால் போதுமா? யார் பார்த்தது? ஆரணியில் மச்சான் ஒருவன் புதுச் சக்கரத்தோடு காத்திருந்தால்? போளூரில் மாமன் ஒருவன் வேறு சைக்கிளே வைத்திருந்தால்? எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. சக்கரத்தின் அச்சையும் அதைத் தாங்கும் வண்டியின் கவையையும் சேர்த்து ஒரு முத்திரை போடுவோம் என்றேன். அரக்கு முத்திரையா? அரக்கை உருக்கலாம், ஒட்டலாம். பூட்டா? மாற்றுச் சாவி செய்பவன் மூலைக்கு ஒருவன். காஞ்சிபுரத்துக்காரன் எதை நம்புவான்? பட்டை நம்புவான். ஒற்றைப் பட்டிழை! அதைத்தான் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, குலுக்கலுக்கு இடம்கொடுத்துச் சற்றுத் தளர்வாகவே கட்டினேன். சக்கரத்தைக் கழற்றினால் இழை அறும். அறுந்த முனையைப் பார்த்தாலே நம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். கத்தி பட்டால் முனை மொழுக்கென்று நிற்கும். தானாக அறுந்தால் பிசிராய்ப் பிரியும். ஆகையால் தானாக அறுந்தால் குற்றமில்லை, ஓட்டியவர் வந்து உள்ளதைச் சொன்னால் போதும் என்பது ஏழாவது விதி. ஓட்டியவரைத் தவிர வேறு கை வண்டியில் பட்டால் அவர் போட்டியிலேயே இல்லை என்பது ஒன்பதாவது விதி. இந்த இரண்டையும் தயவு செய்து நினைவில் வையுங்கள்.

ஒன்பது பேர் புறப்பட்டார்கள். எட்டுப் பேரை எனக்குத் தெரியும், அவர்கள் அப்பன் பாட்டனையும் தெரியும். அதனால் எட்டு மடங்கு சந்தேகம். ஒன்பதாவது ஆளைத் தெரியவே தெரியாது. அதனால் எண்பது மடங்கு சந்தேகம். பெயர் சந்திரநாதன். செய்யாற்றுப் பக்கத்துச் சமணக் குடும்பம், உழவர். அவர் கொண்டுவந்த சைக்கிள் இருக்கிறதே, சந்தைக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற சைக்கிள். பின்னால் கேரியரைக்கூடக் கழற்றவில்லை. மணியைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போட்டது. நான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பம்பைத் தட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். பொரிமாவும் வெல்லமும் இருந்தன. வெல்லத்தை உடைத்தும் பார்த்தேன்.

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்தார். கோபப்படாமல் சிரித்தார். கோபப்படாதவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னே, அந்தக் கடலை மூட்டைச் சைக்கிள் வந்து நின்றது. முதலாவது! அடுத்த ஆள் வந்தது எப்போது தெரியுமா? நான்கு மணி நேரம் கழித்து. அந்த இரண்டாவது ஆள் யார் தெரியுமா? உமாபதி. உமாபதி யார்? என் தங்கை மகன். ஆஹா, இப்போது என்னைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டீர்கள். முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. தொடங்குங்கள், தாராளமாகச் சந்தேகப்படுங்கள்.

நான்கு மணி நேரம் எப்படி முந்தினார்? மற்றவர்கள் எல்லாம் மலை ஏறினார்கள், இறங்கும்போது பிரேக் தாங்காமல் வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து இறங்கினார்கள். இந்த மனிதர் என்ன செய்தார்? காட்டில் விழுந்து கிடந்த ஒரு கொம்பைத் தழையோடு இழுத்துவந்து கேரியரில் கட்டினார். கொம்பு தரையைப் பிறாண்டிக்கொண்டு பின்னால் வர, அந்த இழுப்பையே பிரேக்காக்கி, ஏறிய மலையை மிதித்தபடியே இறங்கினார். அவர் மிதித்தார், கல் சறுக்கியது, அவர் சறுக்கவில்லை. மாட்டுவண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த வித்தை. போட்டிக்கென்று புதுச் சட்டை தைத்தவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் கேள்வி கேட்பான், பதிலைக் கேட்க மாட்டான்.

சரி, வந்தார். வண்டியை அதோ அந்த வேப்பமரத்தடியில் சாய்த்தார். விதிப்படி தாமே கிணற்றில் இறைத்துக் குடித்தார். நிர்வாகிகள் எல்லாரும் தலைவரை அழைத்துவரச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை வண்டிக்குக் காவல் யார்? வேறு யாரை நம்புவேன்? நானேதான். முக்கால் மணி நேரம் நின்றேன். ஈயை அண்டவிடவில்லை. எறும்பை ஏறவிடவில்லை. "இவன் எங்கே ஏமாற்றினான், எப்படி ஏமாற்றினான்" என்று எண்ணியபடியே, வண்டியின் பக்கத்தில் குந்தி, பல்லைக் கடித்தபடி காத்தேன்.

நிர்வாகிகள் வந்தார்கள், சோதனை தொடங்கியது. அப்போது சந்திரநாதன் தானாக முன்வந்து சொன்னார். அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்கிறேன்:

"பின் சக்கரத்து நூலு மலை எறங்க சொல்ல அறுந்து போச்சுங்க ஐயா. இழுத்துக்கினு வந்த கொம்பு பட்டுச்சு. நான் அத தொடல. அப்டியே வுட்டுட்டன், நீங்களே பாருங்க."

பார்த்தோம். என்ன பார்த்தோம்? பின் சக்கரத்து இழை அறுபடவில்லை! முழுசாக இருந்தது. முழுசாக என்றால், அறுந்து பிறகு பிணைக்கப்பட்டு முழுசாக இருந்தது. ஊசிமுனை அளவுக்குப் பிணைப்பு. தறியில் இழை அறுந்தால் இரண்டு முனையையும் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிவிடுவோமே, முடிச்சே இல்லாமல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பிணைப்பு. உழவன் கைக்கு அது வருமா? வராது. சாம்பல் தூள்கூட அதில் ஒட்டியிருந்தது. எனக்கு வந்த மகிழ்ச்சியை என்னென்பேன்? பத்து வருடம் தேடிய குறை ஒரே நூலில் கிடைத்துவிட்டது. "நெசவாளி ஒருவன் கை பட்டிருக்கிறது! இவனுக்கு ஆள் இருக்கிறது! தொடவில்லை என்கிறான், அறுந்தது என்கிறான், இங்கே அறுந்த நூல் எங்கே?" என்று இதே மேடையில் நின்று முழங்கினேன்.

அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தார். விரலால் தொடப் போய், தொடக்கூடாது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். "அறுந்துதாங்க இருந்துச்சு" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். உண்மையைச் சொல்கிறவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். பொய் சொல்கிறவனாக இருந்தால் ஒன்பது வாக்கியம் வைத்திருப்பான்.

நான் இழையை வெட்டி எடுத்தேன். உறையில் போட்டேன். நால்வர் கையெழுத்தோடு ஒட்டினேன். கோப்பை யாருக்குப் போனது? என் தங்கை மகனுக்கு. அவன் அப்போதே என் காதருகே வந்து, மலையிறக்கத்தில் கொம்பை இழுத்துக்கொண்டு அவர் தன்னைத் தாண்டிப் போனதைத் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். "வாயை மூடு" என்றேன். இன்றுவரை அந்தக் கோப்பை அவன் வீட்டில் பழந்துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதோடு விட்டேனா? படிப்பகத்து வாசலில் பலகை வைத்தேன். "சந்திரநாதன், பித்தலாட்டம்" என்று எழுதினேன். சாக்கட்டியில் எழுதினால் யாராவது அழித்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டு, ஆள் வைத்துப் பெயிண்டில் எழுதினேன்.

தாய்மார்களே, பொய் சொல்லாமை என்பது நமக்கெல்லாம் நல்ல பழக்கம். அந்தக் குடும்பத்துக்கு அது நோன்பு. சாமி முன்னால் நின்று எடுத்துக்கொண்ட நோன்பு. ஒருவன் காலை ஒடித்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி சைக்கிள் ஏறுவான். நான் ஒடித்தது அதை. ஆரணிச் சந்தையிலும் செய்யாற்றுச் சந்தையிலும், "இன்னா நயினாரே, நூலு முடிய கத்துக்கினியா?" என்று கேட்டு ஆள்கள் சிரித்திருக்கிறார்கள். கடலை மூட்டையை நிறுக்கும்போது இரண்டாம் முறை நிறுத்திருக்கிறார்கள்.

அவர் என்ன செய்தார்? சண்டைக்கு வந்தாரா? வரவில்லை. வக்கீலைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. ஐப்பசி மாதம், அடைமழை. யாரும் அழைக்காமல், யாரும் அறியாமல், யாரும் காவல் இல்லாமல், அதே எண்பத்தைந்து மைலும் அதே மலையும் மறுபடி தனியாகப் போய்வந்தார். துணையில்லா ஓட்டம் என்று நாம் பெயர் வைத்தோம். மெய்யாகவே துணையில்லாமல் ஓட்டியது அந்த ஒரு முறைதான். நம்புவதற்கும் ஓர் ஆள் இல்லாமல் ஓட்டினார்! வழியெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார். டீக்கடைக்காரர், மாடு மேய்ப்பவர், மலை மேல் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நாற்பத்து மூன்று கையெழுத்து, கைநாட்டு. அதைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல நாக்கு கூசுகிறது. "கையெழுத்தை ஒரு டம்ளர் காப்பிக்கு வாங்கலாம்" என்றேன். அவர் புத்தகத்தை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

யாரது அங்கே, "அடப்பாவி" என்றது? உரக்கவே சொல்லம்மா. நீ சொல்வது சரிதான்.

இப்போது பத்து நாளைக்கு முன் நடந்ததற்கு வருகிறேன். இந்த ஆண்டுப் போட்டிக்குப் புதிதாய் வருகிறவர்களுக்குப் பித்தலாட்டம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, அந்த உறையைப் பிரித்து இழையை வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். என் மனைவி லோகாம்பாள் வந்தாள். எங்கள் தெருவில் பாதித் தறிக்குப் பாவு பிணைப்பவள் அவள். பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழையோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கும் வேலை. தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இது யார் பிணைத்தது என்று கேட்டாள். அந்தச் சமணப் பையனுக்கு நம் ஆள் எவனோ செய்து கொடுத்தது என்றேன்.

அவள் கேட்டாள்:

"முறுக்கு எடப்பக்கமா போவுதே. நம்ம பாளையத்துல எடக்கையால இழை முறுக்கற ஆளு எத்தினி பேருங்க இருக்குது?"

இதோ, இந்த மைக்கை எந்தக் கையால் பிடித்திருக்கிறேன், பாருங்கள். பிறவியிலிருந்தே இடக்கைக்காரன் நான். எங்கள் பாளையத்தில் நான் ஒருவன்தான்.

அவள் தாளை மூக்கருகே கொண்டுபோனாள். "அடுப்பு சாம்பலு இப்படி மணக்காதுங்க. இது துந்நூறு" என்றாள். திருநீறு பூசிய என் நெற்றியைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்குச் சினம் பொங்கிவிட்டது. உன்னை யார் அனுப்பியது என்று கட்டிய மனைவியையே கேட்டேன். அந்தச் செய்யாற்றுக்காரன் உனக்கு என்ன உறவு என்று கேட்டேன். அவள் என்னோடு வாதாடவில்லை. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பாவு நூல் ஒன்றை என் பக்கத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, நடுவில் அறுத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு என் பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினையைக் கிளப்பினாள். பங்காளி என்றால் எனக்குப் பேச்சு நிற்குமா? அவன் வேலியை நகர்த்தியது, கிணற்றில் பங்கு கேட்டது, அத்தனை சந்தேகத்தையும் அடுக்கிக்கொண்டே போனேன். திடீரென்று அவள் கையைக் காட்டினாள்.

"நெத்தியில மூணு கோடு இட்டுக்கினு வந்தீங்க. இப்ப ரெண்டுதான் இருக்குது. கீழ பாருங்க."

பார்த்தேன். அறுந்த நூல் பிணைந்திருந்தது. என் இடக்கை, என்னைக் கேட்காமல், என் நெற்றித் திருநீற்றைத் தொட்டு, என் கண்ணெதிரே அதைப் பிணைத்து வைத்திருந்தது.

பெரியோர்களே, நெசவாளர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற விரல் நம்மில் யாருக்கு இருக்கிறது? சாப்பிடும்போது துண்டின் கரை பிரிந்திருந்தால் பிணைக்கிறோம். சாவு வீட்டில் உட்கார்ந்து பாயின் கோரையைச் சேர்க்கிறோம். புத்தி எங்கேயோ இருக்கும், விரல் வேலை செய்துவிடும். அன்று வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம், "இவன் எங்கே ஏமாற்றினான்" என்று என் புத்தி ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தது. என் விரல் அவர் அப்படியே விட்டுவைத்த உண்மையை எடுத்து, முறுக்கி, பொய்யாக்கி வைத்துவிட்டது. காவலுக்கு நின்றவன் நான். கள்ளனும் நான். நானே செய்த குற்றத்தை நானே கண்டுபிடித்து, என்னை நானே மெச்சிக்கொண்டு, தண்டனையை மட்டும் இன்னொருவர் தலையில் போட்டேன்!

வேண்டாம், இதற்குக் கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடம் இல்லை.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கிராமத்துக்குப் போனேன். இந்த வயதில், துணையில்லாமல்தான் போனேன், இரண்டு இடத்தில் விழுந்தேன். அது பெரிதல்ல. அவர் வீட்டு வாசலில் நின்று, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அழுதுவிடுவார், அல்லது அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பழக்கமான பார்வை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற பார்வை. எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "இதையும் ஏதாச்சும் சோதனைக்குன்னு சொல்றீங்களாங்க? எழுதி கையெழுத்து போடுங்க" என்றார்.

நான் வெல்லத்தை உடைத்தபோது சிரித்த மனிதர் அவர்.

அவருடைய தாயார் கனகமாலா அம்மையார் என்னை வழியனுப்புகிற சாக்கில் தெருமுனை வரை வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. சாய்ந்தபின் சமைத்ததையும் உண்பதில்லை. எத்தனையோ தலைமுறையாக அப்படி. அந்தத் தாய் என்னிடம் சொன்னது:

"கோப்பை கீப்பை ஒண்ணும் வேணாங்க ஐயா. அந்த மழையில போய்ட்டு வந்ததுலேருந்து அவன் ஆரையும் நம்பறதில்ல. நான் சோறு போட்டா, 'பொழுதோட ஆக்குனதா, ஆரு பாத்தாங்க'ன்னு கேக்குறான். பெத்தவள கேக்குறாங்க. அத மட்டும் எப்டியாவது சரி பண்ணிக் குடுங்க."

இத்தனை காலம் சேலையில் குறை கண்டேனே, இப்படிப்பட்ட குறையை நான் நெய்து வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் கண்டேன். சந்தேகம் என் வீட்டுச் சொத்து. அதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பாவமும் அறியாத மனிதருக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் அதைக் கொண்டுபோய்த் தாயின் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

என்ன? தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். பேச்சை முடிக்கச் சொல்லியா? வாசிக்கிறேன். "ஒன்பதாவது விதிப்படி வேறு கை பட்டால் ஓட்டியவர் நீக்கம். எனவே பழைய தீர்ப்பே நிற்கும். முடித்துக்கொள்ளவும்."

தலைவர் அவர்களே! விதி எழுதியவன் விதிக்கு விளக்கம் சொல்லக் கூடாதா? வேறு கை பட்டது மெய். அந்தக் கை அவருக்கு உதவ வந்த கையா? அவரை ஒழிக்க வந்த கை! ஓட்டம் முடிந்தபின், வண்டியை உங்கள் செயலாளரிடம் ஒப்படைத்தபின் பட்ட கை! காவல்காரன் திருடினால் வீட்டுக்காரனைத்தான் சிறையில் போடுவீர்களா? ஒன்பதாவது விதி யாரையாவது நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால், பட்ட கையை நீக்கட்டும். இதோ என் பதவி விலகல் கடிதம், மேசைமேல் வைக்கிறேன். நான் எழுதியதுதானா என்று சந்தேகப்பட வேண்டாம். இடக்கையெழுத்து.

உமாபதி, அந்தப் பலகையைக் கொண்டு வாப்பா. எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடி. பெயிண்டு அழியவில்லை, ஆகவே நான் அழிக்கவில்லை. "பித்தலாட்டம்" என்ற சொல் அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே இருந்த பெயரை மட்டும் இன்று காலை அதே ஆளை வைத்து மாற்றி எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்களுக்கு நானே படிக்கிறேன்: காசிநாதன், பித்தலாட்டம். படிப்பகத்து வாசலில் ஓராண்டு இது தொங்கும். யாரும் இரக்கப்பட்டுக் கழற்ற வேண்டாம்.

சந்திரநாதன் சொன்னது மெய். இழை அறுந்தது, அவர் தொடவில்லை, அப்படியே விட்டார். நான் சொன்னது பொய். ஆயிரம் பேர் முன்னால் பொய் சொன்னேன், அதனால் ஆயிரம் பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அவர் வந்திருக்கிறார். திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூசும். வேலியோரம் நிற்கிறார். மேடைக்கு அழைத்தோம், கேட்டுவிட்டுப் போக மட்டும் வருவதாகச் சொல்லியனுப்பினார். பக்கத்தில் அவர் தாயார் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுது சாயும் முன் மகனுக்குச் சோறு போட வேண்டும் என்று கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

தம்பி, கோப்பையை நீங்கள் ஏற்றாலும் சரி, எறிந்தாலும் சரி. என்னை நம்பச் சொல்ல எனக்கு வாயில்லை. என்னை நம்பாதீர்கள். தலைவரை நம்பாதீர்கள். இந்தக் கழகத்தையும், இங்கே கைதட்டுகிற கைகளையும் வேண்டிய மட்டும் சோதித்துப் பாருங்கள், அது உங்கள் உரிமை. அந்தப் புத்தகத்தில் என்னிடம் இன்னும் நூறு கையெழுத்து கேளுங்கள், போடுகிறேன். ஆனால் அந்தத் தூக்குச்சட்டி இந்தக் கணக்கில் சேராது. அதில் இருப்பதை எப்போது ஆக்கியது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி உங்களுடையது அல்ல, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதை இங்கேயே என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

நண்பர்களே, நான் மேடை ஏறினால் இறங்காதவன் என்பது ஊரறிந்த செய்தி. அச்சடித்த அறிக்கை ஏழு பக்கம் இன்னும் பையில் இருக்கிறது. ஆனால் மேற்கே பாருங்கள், பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் இன்னும் ஐந்து நிமிடம் பேசினால் அந்த மனிதர் இன்று பட்டினி. அவரை ஒருமுறை கெடுத்தது போதும்.

அம்மா, மூடியைத் திறங்கள். உமாபதி, மைக்செட்டை நிறுத்தச் சொல். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என்னைத் திட்டிய அந்த அம்மாவுக்கும், உண்மையைக் கண்டுபிடித்த லோகாம்பாளுக்கும் என் நன்றி. எல்லாருக்கும் இந்த இடக்கையும் சேர்த்துக் கும்பிட்ட வணக்கம். சாப்பிடுங்கள் தம்பி.